570 கிராம் போர்வையும் கேதார்காந்தாவின் பனியும்: ஐந்து நாள் குறிப்புகள்

பிப்ரவரி 9: டேராடூனிலிருந்து சாங்க்ரிக்கு

உத்தராகண்டில் உள்ள கேதார்காந்தா சிகரத்தில் ஏற நானும் தம்பியும் கிளம்பினோம்; நடை தொடங்கும் ஊர் சாங்க்ரி. காலை ஆறரை மணிக்கு டேராடூனில் ஏறிய பேருந்து முசூரி, நௌகாவ், புரோலா, மோரி என்று மலைகளைச் சுற்றிச் சுற்றிச் சாங்க்ரி வந்து சேரும்போது மாலை ஐந்தாகிவிட்டது. தூரம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான் என்றாலும், வளைவுகள் தம்பியின் வயிற்றைப் புரட்டிவிட்டன. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், நாங்கள் கேட்காமலேயே சன்னலோர இருக்கையை அவனுக்கு விட்டுக்கொடுத்து, தம் பையிலிருந்து உப்பு நெல்லிக்காய்த் துண்டுகளை எடுத்து நீட்டினார். மோரியில் இறங்கும்வரை அவன் முகத்தை அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். புரோலாவில் ராஜ்மா சாதம் தட்டு 100 ரூபாய். பருப்பு நாவில் வைத்ததும் கரைந்தது, ஒரு பச்சை மிளகாயும் நறுக்கிய முள்ளங்கியும் தவிரத் தொட்டுக்கொள்ள வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

இந்தக் குறிப்புகளில் என் குயில்ட்டை, அதாவது மலையேற்றத்துக்கான தூவிப் போர்வையைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். நான்கு மாதம் யோசித்து, சுங்க வரியோடு சேர்த்து 34,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பொருள் அது. சென்ற ஆண்டு சுமந்த உறக்கப் பை இரண்டு கிலோவைத் தொட்டது. இறங்கும்போது முழங்கால் கொடுத்த தொந்தரவில், அடுத்த பயணத்துக்குள் முதுகுச் சுமையைப் பாதியாக்கிவிட வேண்டும் என்று முடிவுசெய்திருந்தேன்.

உறக்கப் பையில் நம் முதுகுக்கு அடியில் சிக்கும் தூவி, அதாவது பறவையின் மென்சிறகு, உடலின் எடையால் நசுங்கிவிடுகிறது. தூவியின் இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் நம்மைக் கதகதப்பாக வைக்கிறது என்பதால், நசுங்கிப்போன பகுதி வெறும் சுமை. அந்த அடிப்பக்கத்தையும் நீண்ட ஜிப்பையும் தலைமூடியையும் எடுத்துவிட்டு, கால்மாட்டை மட்டும் பைபோல் மூடிவிட்டால் அதுதான் குயில்ட். முதுகைக் காப்பது கீழே விரிக்கும் 'மேட்' என்னும் படுக்கை விரிப்பின் பொறுப்பு. என்னுடையதில் 850 ஃபில் பவர் வாத்துத் தூவி அடைத்திருக்கிறது. 28 கிராம் தூவியை அமுக்காமல் விட்டால் 850 கன அங்குலத்துக்கு, அதாவது ஏறக்குறைய 14 லிட்டர் அளவுக்கு, உப்பி நிற்கும் என்பது அதன் பொருள். வீட்டுக்கு வரும் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனில் ஏறக்குறைய முக்கால் பங்கை ஒரு கைப்பிடித் தூவி நிறைத்துவிடுகிறது. சங்கப் பாடல்களில் அன்னத்தின் தூவி அடைத்த அணையில் அரசி படுத்திருக்கும் காட்சியைப் பள்ளியில் படித்தபோது அதை வெறும் செல்வச் செழிப்பாக மட்டுமே எண்ணியிருந்தேன்.

மொத்த எடை 570 கிராம். மைனஸ் 7 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருந்தது. அகலத்தில் மூன்று அளவுகள் இருந்தன. நான் மெலிந்த உடல்காரி என்பதாலும், அகலமானதைவிட 45 கிராம் குறைகிறது என்பதாலும், 127 சென்டிமீட்டர் கொண்ட குறுகலானதைத் தேர்ந்தெடுத்தேன். சனவரியில் கோத்தகிரியில் உறவினர் வீட்டு மொட்டைமாடியில் 8 டிகிரியில் ஓர் இரவு படுத்துப் பார்த்து, வியர்த்து எழுந்து, முழு நம்பிக்கையோடு இங்கே வந்திருக்கிறேன்.

சாங்க்ரியில் நாங்கள் தங்கியிருப்பது தேவதாரு மரத்தில் கட்டிய பழைய வீடு. வீட்டுக்காரம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். ஊரே அவரை மாஜி, அதாவது அம்மா, என்றுதான் அழைக்கிறது. மண்டுவா ரொட்டியை நெய் ஊற்றிக் கொடுத்தார். மண்டுவா வேறொன்றுமில்லை, நம் கேழ்வரகுதான். வாசனை மூக்கில் ஏறியதும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்து, "அக்கா, இது நம்ம ஆச்சி அடை" என்றான். சாப்பிட்ட பிறகு குயில்ட்டை உப்பவிடுவதற்காக விரித்துப் போட்டேன். மாஜி அதை எடுத்து விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இரு விரல்களால் தூவி அடைத்த ஓர் அறையை நசுக்கிப் பார்த்து, விட்டதும் அது மெல்ல எழும்புவதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். "நன்றாயிருக்கிறது பேட்டி (மகளே). கீழே என்ன விரிப்பாய்?" என்று கேட்டார். 400 கிராம் எடையுள்ள மடிப்பு நுரை மேட்டைக் காட்டினேன். அதை அழுத்திப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு அவர் கொடுத்த ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை நான்கு கிலோவுக்குக் குறையாது.

பிப்ரவரி 10: ஜூடா கா தாலாப்

சாங்க்ரி ஏறக்குறைய 1,950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இன்று முகாமிட்ட ஜூடா கா தாலாப் 2,750 மீட்டருக்கு மேல். தேவதாருவும் ஓக்கும் அடர்ந்த காட்டுக்குள் நான்கு கிலோமீட்டர் ஏற்றம். பாதி வழியிலிருந்து காலடியில் பனி தொடங்கிவிட்டது. ஏரி உறைந்து, அதன்மேல் புதுப்பனி மூடி, கரை எது நீர் எது என்று பிரித்தறிய முடியாதபடி வெண்மையாகக் கிடந்தது. கரையோரத் தேநீர்க் கடையில் தேநீர் 30 ரூபாய், மேகி 70 ரூபாய். கடைக்காரப் பையன் எங்கள் கையுறைகள் நனைந்திருப்பதைப் பார்த்து வாங்கி, அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டான். கிளம்பும்போது மறக்காமல் எடுத்துக்கொடுத்தான்.

கூடாரம் போட நான் தேர்ந்தெடுத்த இடம் ஏரியை ஒட்டிய பள்ளம். காற்று வீசாத இடம் என்று மகிழ்ந்திருந்தேன். எங்கள் வழிகாட்டி, "தீதி (அக்கா), இன்னும் கொஞ்சம் மேலே மரத்தடிக்குப் போகலாமே" என்று ஒரு முறை சொன்னார். ஏரியைப் பார்த்தபடி விழிக்க வேண்டும் என்ற ஆசையில் நான் மறுத்துவிட்டேன். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவுகளிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும் என்பது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. தெரிந்ததை அந்த நேரத்தில் நினைக்கவில்லை.

எட்டரை மணிக்குப் படுத்தோம். முதல் ஒரு மணி நேரம் சுகமாகத்தான் இருந்தது. நான் ஒருக்களித்துப் படுப்பவள்; இடப்பக்கம் திரும்பியதும் முழங்கை குயில்ட்டின் ஓரத்தைத் தூக்கியது, முதுகுப் பக்கம் ஓரம் மேட்டைவிட்டு எழும்பியது, அந்த இடுக்கின் வழியே குளிர் ஒரு குவளைத் தண்ணீரைச் சட்டைக்குள் ஊற்றியதுபோல் இறங்கியது. உள்ளே ஒரு மணி நேரம் உடல் சேர்த்துவைத்த வெதுவெதுப்பு ஒரே புரளலில் போய்விட்டது. குயில்ட்டை மேட்டோடு இணைக்க இரண்டு பட்டைகள் உண்டு. நுரை மேட்டின் மேடுபள்ளத்தில் அவை நிற்காமல் இடுப்பை நோக்கி வழுக்கிக்கொண்டே இருந்தன. 127 சென்டிமீட்டரில் என் தோளைச் சுற்றி இருபுறமும் தரையைத் தொடும் அளவுக்குத் துணி மிஞ்சவில்லை. மல்லாந்து படுத்தால் மூடுகிறது, திரும்பினால் திறக்கிறது. கோத்தகிரியில் இது தெரியாமல் போனதற்குக் காரணம், அங்கே உள்ளே நுழைந்த காற்று 8 டிகிரியில் இருந்தது.

இரண்டு மணிக்கு மேல் வேறொரு குளிர் தொடங்கியது. இது அசையாமல் படுத்திருந்தாலும் இடுப்பெலும்பிலும் தோள்பட்டையிலும் மெதுவாக ஊறிக்கொண்டே வந்தது. மேட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தேன். கூடாரத்தின் தரைத்துணி விறைத்திருந்தது. மேட்களின் காப்புத்திறனை ஆர் மதிப்பு என்று அளப்பார்கள். என் நுரை மேட்டின் ஆர் மதிப்பு 2. கோடைக்கால மலைகளுக்கு அது போதும், பனித்தரைக்கு 4, 5 வேண்டும். குயில்ட்டுக்கு முதுகுப்பக்கமே கிடையாது என்று நேற்று எழுதிய நான், அதைச் சரிக்கட்டும் மேட்டை வாங்கும்போது எடையை மட்டும் பார்த்திருக்கிறேன். மாஜி அந்த மேட்டை அழுத்திப் பார்த்துவிட்டு மௌனமாக இருந்தது நினைவுக்கு வந்தது.

மூன்று மணிக்கு என் சிறு வெப்பமானி மைனஸ் 8 காட்டியது. இருந்த உடைகளையெல்லாம் அணிந்து, காலணியின் உள்ளுறையைக்கூடக் காலில் மாட்டிக்கொண்டு, விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். வாடகைக்கு எடுத்த இரண்டு கிலோ உறக்கப் பைக்குள் தம்பி சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 11: கேதார்காந்தா அடிவார முகாம்

இன்று ஏறியது 3,400 மீட்டர் உயரம்வரை. ஓக் மரங்கள் விடைபெற்று, வெளி திறந்து, வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. தூக்கமில்லாத கால்கள் கனத்தன. தம்பி ஒரு மைல் தூரம் என் பையையும் வாங்கித் தன் நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொண்டு நடந்தான்.

நடந்துகொண்டே கணக்குப் போட்டதில் ஒன்று தெளிவாயிற்று. உறக்கப் பைகளுக்கு ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசச் சோதனை முறை இருக்கிறது. சூடேற்றிய பொம்மையை உள்ளே படுக்கவைத்து அளந்து, முக்கியமாக இரண்டு எண்களைத் தருவார்கள். ஒன்று சுகமாக உறங்கும் வெப்பநிலை. அது சராசரிப் பெண்ணைக் கொண்டு கணக்கிடப்படுவது. மற்றொன்று எல்லை வெப்பநிலை. சராசரி ஆண் ஒருவர் உடலைச் சுருட்டிக்கொண்டு நடுங்காமல் இரவைக் கழிக்கக்கூடிய அளவு. இரண்டுக்கும் ஏறக்குறைய 5, 6 டிகிரி வித்தியாசம் இருக்கும். குயில்ட்டுகளைத் தைக்கும் சிறு பட்டறைகள் பலவும் அந்தச் சோதனைக்குப் போவதில்லை. தாங்களே ஓர் எண்ணைச் சொல்கிறார்கள், அது பெரும்பாலும் எல்லை வெப்பநிலையை ஒட்டியே இருக்கிறது. ஆக, என் குயில்ட்டின் மைனஸ் 7 என்பது என்னைப் போல் எளிதில் குளிரும் பெண்ணுக்குப் பூச்சியத்துக்குப் பக்கத்தில்தான். அதுவும் நல்ல மேட்டும் மூடிய தலையும் இருந்தால்.

முகாமுக்கு வந்ததும் இன்று வழிகாட்டி சொன்ன இடத்திலேயே, சரிவில், மரவரிசைக்குக் கீழே கூடாரம் போட்டோம். அவர் பனியைக் காலால் சதுரமாக மிதித்து, அரைமணி நேரம் அப்படியே விடச் சொன்னார். மிதித்த பனி இறுகிக் கட்டியாகிவிடும், இரவில் இடுப்புக்கும் தோளுக்கும் கீழே குழி விழாது. தேநீர்க் கடைக்காரரிடம் நீல நிற நுரை விரிப்பு ஒன்று கேட்டேன். 50 ரூபாய் கொடுத்ததற்கு அவர் 30 போதும் என்று மீதியைத் திருப்பித் தந்துவிட்டு, நன்றாகக் காய்ந்த விரிப்பாகப் பார்த்து அடியிலிருந்து உருவிக் கொடுத்தார். மேட்களை ஒன்றின்மேல் ஒன்று போட்டால் ஆர் மதிப்புகள் அப்படியே கூடும். 2 இப்போது 3ஐ எட்டியிருக்க வேண்டும். பட்டைகளை இரண்டு மேட்டையும் சேர்த்துச் சுற்றி, வழுக்காதபடி முடிச்சிட்டேன். குறுகலான அகலத்துக்கு வேறு வழியில்லாததால், தடித்த ஜாக்கெட்டைச் சுருட்டி முதுகுப் பக்க இடுக்கில் நெடுக வைத்தேன். குயில்ட்டுக்குத் தலைமூடி கிடையாது. தம்பியின் குரங்குக் குல்லாவுக்கு மேல் என் கம்பளித் துண்டையும் சுற்றிக்கொண்டேன்.

இரவு கிச்சடியில் ஒரு கரண்டி நெய் கூடுதலாகப் போட்டுச் சாப்பிட்டோம். கொதித்த நீரை எஃகுப் புட்டியில் நிரப்பி, காலுறைக்குள் நுழைத்து, தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் பெரிய இரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகே ஓடுவதால் சூடு உடலெங்கும் விரைவாகப் பரவுகிறது.

மைனஸ் 11. எட்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை விழிப்பே இல்லாமல் உறங்கினேன். நேற்று என்னைக் கைவிட்டது போர்வை என்று நினைத்திருந்தேன். அதே போர்வைதான் இன்றும், குளிர் நேற்றைவிட 3 டிகிரி அதிகம்.

பிப்ரவரி 12: சிகரமும் இறக்கமும்

மூன்றரை மணிக்கு நடக்கத் தொடங்கி, விடியலுக்குச் சற்றுப் பின்னர் 3,800 மீட்டரில் நின்றோம். சுவர்க்காரோகிணி, பந்தர்பூஞ்ச், காலா நாக் ஆகிய சிகரங்கள் மூன்றும் முதலில் நீலமாக, பிறகு இளஞ்சிவப்பாக, பிறகு பார்க்க முடியாத வெண்மையாக மாறின. காற்று பலமாக இருந்ததால் கால்மணி நேரத்துக்கு மேல் நிற்க இயலவில்லை.

முகாமுக்குத் திரும்பியபோது குயில்ட்டின் கால்மாடு நனைந்திருப்பதைக் கண்டேன். எங்கள் இருவரின் மூச்சும் கூடாரத்தின் உட்சுவரில் உறைபனியாகப் படிந்து, என் கால் முட்டிய இடத்தில் உருகித் துணிக்குள் இறங்கியிருந்தது. அதுமட்டுமல்ல, உடலிலிருந்து இரவெல்லாம் வெளியேறும் ஈரம் தூவியின் ஊடாக மேலே ஏறி, வெளித்துணியை நெருங்கும்போது குளிர்ந்து அங்கேயே தங்கிவிடுகிறது. கையால் தடவினால் அறைகளுக்குள் சிறு சிறு முடிச்சுகள் தட்டுப்பட்டன. ஒட்டிக்கொண்ட தூவி உப்பாது, உப்பாத தூவியில் காற்று நிற்காது. ஓர் இரவுக்கு இது பெரிதல்ல; வெயிலே வராத ஐந்தாறு இரவுகள் தொடர்ந்தால் 570 கிராம் போர்வை எடை கூடி, கதகதப்புக் குறைந்து, வெறும் துணியாகிவிடும். மூக்கு குளிர்கிறதென்று போர்வைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சுவிடுவது இதை இன்னும் விரைவுபடுத்தும். முதல் நாள் இரவு நான் செய்தது அதுதான்.

கூடாரத்தின் மேல் வெயிலில் விரித்துப் போட்டு, அரைமணிக்கொரு முறை முடிச்சுகளை விரல்களால் மெல்லப் பிரித்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் வெளித்துணியிலிருந்து ஆவி எழுவது கண்ணுக்கே தெரிந்தது. பதினோரு மணிக்கு ஒவ்வோர் அறையும் சிறு தலையணைபோல் நிமிர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் அதன்மேல் எனக்கு வந்த பிரியத்தை மறைக்க விரும்பவில்லை. ஒரு தேங்காய் அளவுக்குச் சுருண்டு பைக்குள் போகும் பொருள் மைனஸ் 11 இல் என்னை உறங்கவைத்திருக்கிறது.

ஒரே மூச்சில் சாங்க்ரிவரை இறங்கினோம். முழங்கால் வலிக்கவில்லை.

பிப்ரவரி 13: சாங்க்ரியில் ஓய்வு

வெளியே மெல்லிய பனி பெய்துகொண்டிருக்க, மாஜியின் அடுப்பங்கரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். புராஸ் (ரோடோடெண்ட்ரான்) பூவின் சர்பத்தை வெந்நீரில் கலந்து கொடுத்திருக்கிறார். இளஞ்சிவப்பு நிறம், புளிப்பு முன்னே, இனிப்பு பின்னே.

இரண்டாம் முறை வாங்குவதாக இருந்தால் எதை மாற்றுவேன் என்று தம்பி கேட்டான். முதலில் மேட்டை மாற்றுவேன். காற்றடைத்த, உள்ளே காப்பு வைத்த மேட், ஆர் மதிப்பு 4க்குக் குறையாதது. அதற்கடியில் மெல்லிய நுரை ஒன்று, காற்று மேட் நடுஇரவில் ஓட்டை விழுந்தாலும் பனியில் நேரடியாகப் படுக்காமல் இருப்பதற்கு. அதை முடிவுசெய்த பிறகுதான் குயில்ட்டின் எண்ணைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த எண் கீழே நல்ல மேட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே சொல்லப்படுவது.

அகலத்தில் இனி ஒரு கிராம்கூட மிச்சம் பிடிக்கமாட்டேன். மல்லாந்து அசையாமல் உறங்குபவருக்கு 127 சென்டிமீட்டர் போதுமாக இருக்கலாம். ஒருக்களித்துப் புரள்பவர்கள் எவ்வளவு மெலிந்திருந்தாலும் அகலமானதையே வாங்குங்கள் என்று அழுத்திச் சொல்வேன். 45 கிராம் என்பது ஒரு வாழைப்பழத்தில் பாதி. அதற்காக ஓர் இரவின் உறக்கத்தைக் கொடுத்தேன்.

வெப்பநிலையைப் பொறுத்தவரை தம்பி மைனஸ் 18க்கான ஒரே குயில்ட்டை வாங்கிவிடலாம் என்கிறான். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் ஆண்டுக்கு ஒரு முறைதான் இமயமலைக்கு வருகிறேன். மற்றபடி நீலகிரியும் கொடைக்கானலும் பழனி மலையும்தான், அங்கெல்லாம் அவ்வளவு தடித்த தூவிக்குள் வெந்துபோவேன். அதைவிட, இருக்கும் தூவிக் குயில்ட்டின்மேல் போர்த்த, செயற்கை இழை அடைத்த மெல்லிய அகலமான குயில்ட் ஒன்றை வாங்குவது மேல் என்று தோன்றுகிறது. ஏறத்தாழ அரைக் கிலோ கூடும்; விலை தூவியைவிட மிகக் குறைவு. உடலின் ஈரம் மேலேறி உறைவது அப்போது செயற்கை இழையில் நிகழும், அது நனைந்தாலும் தூவியைப்போல் ஒட்டிக்கொள்ளாது, கீழே இருக்கும் தூவி உலர்ந்தே இருக்கும். நம் மழைக்கால மலைகளுக்கு அந்த ஒன்றை மட்டும் எடுத்துப் போகலாம்.

அகலம் சரியாக எவ்வளவு வேண்டும் என்பதை மாஜியிடம் கேட்டேன். அவர் ரஜாயை என்மேல் போர்த்தி, ஒருக்களிக்கச் சொல்லி, முழங்கையை எவ்வளவு தூரம் நீட்டுவேனோ அவ்வளவு நீட்டச் சொன்னார். பிறகு இருபுறமும் ஓரம் தரையில் ஒரு கை அகலம் படியும்படி இழுத்துவிட்டு, தம் சாணால் தோள்பக்கத்தை அளந்தார்: ஏழு சாணும் நான்கு விரலும். அவருடைய சாணைத் தம்பியின் அளவு நாடாவில் வைத்துப் பார்த்தோம், 20 சென்டிமீட்டர். நான்கு விரல் 7. 147 என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நான் பார்த்த மூன்று அளவுகளில் அகலமானதும் அதுவேதான்.